ஈஆர்பி (கம்பெனியின் எல்லாப் பிரிவுக் கணக்கையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) வந்து ஆறு மாதமாகியும் ஊழியர்கள் எக்செலை விடவில்லை. அவர்கள் மனதை எப்படி மாற்றுவது?

"மனதை மாற்றுவது" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சொல்லை 2019இல் நானும் ஒரு மெயிலில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சி கொடுத்தாகிவிட்டது, எச்சரிக்கையும் கொடுத்தாகிவிட்டது, இன்னும் ஸ்டோர்ஸும் புரொடக்‌ஷனும் தனியாக எக்செல் வைத்திருக்கின்றன என்று சொல்கிறீர்கள். நீங்கள் ஐடி பக்கமோ பிராஜெக்ட் டீமிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலிடத்திலிருந்து தினமும் போன் வரும், ரிப்போர்ட்டில் எண் ஒத்துப்போகாது, கோபமெல்லாம் கீழே இருப்பவர் மேல் திரும்பும். அந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

நான் கன்சல்டண்ட் அல்ல. பெங்களூர் பீண்யா தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெட்டீரியல்ஸ் பார்க்கிறவன். ஷாஃப்ட், பின் மாதிரி கடைசல் வேலைதான் அதிகம். ஜிஎஸ்டி வந்த 2017 வரைக்கும் கணக்குக்கு டேலி, பிளானிங்குக்கு எக்செல், ஸ்டோர்ஸுக்கு நோட்டுப் புத்தகம் என்று ஓடியது. அப்புறம் எம்டி ஈஆர்பி வாங்க முடிவு செய்தார். எந்த மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தப்பு அதனுடையது இல்லை. மெட்டீரியல்ஸ் பகுதிக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். 2019 ஏப்ரல் 1, புதுக் கணக்காண்டின் முதல் நாள், கோ-லைவ், அதாவது புது சிஸ்டம் ஓடத் தொடங்கிய நாள்.

எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். கேஜிஎஃப்காரர். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடியபோது குடும்பத்தோடு பெங்களூர் வந்து ஸ்ரீராம்புரத்தில் தங்கியவர். மற்றவர் முன்னால் என்னைச் சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. நான் எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டர் அவருக்குப் பயமே இல்லை, டேலியில் என்னைவிட வேகமாக எண்ட்ரி போடுவார். ஆனால் புது சிஸ்டத்தில் மட்டும் இஷ்யூவை, அதாவது ஸ்டோர்ஸிலிருந்து லைனுக்குச் சரக்குக் கொடுத்த பதிவை, அந்தந்த நேரத்தில் போட மாட்டார். நோட்டில் எழுதிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் மொத்தமாகப் போடுவார். ஆகவே திரையில் தெரியும் இருப்பு எப்போதும் அரை நாள் பழையது. பிளானிங் அதை நம்பிப் போட்ட ஆர்டரெல்லாம் தப்பாகப் போனது. மே மாதம் ரிவ்யூ மீட்டிங்குக்கு முன்னால் எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன்: ஸ்டோர்ஸில் ஒத்துழைப்பு இல்லை, மூத்த ஊழியர்களின் மனதை மாற்ற வேண்டியிருக்கிறது. எம்டி வரை போன மெயில் அது.

ஜூன் கடைசியில் ராடு ஸ்டாக்கை எண்ணிப் பார்த்தோம். இஎன்8 என்ற எஃகு ரகத்தில் 40 மில்லிமீட்டர் ராடு ஒன்றில் மட்டும் சிஸ்டத்தில் இருக்கவேண்டியதைவிட 21 ராடு குறைவு. மீட்டிங்கில் அண்ணாவை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. திருட்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த அறையில் எல்லாருக்கும் அதுதான் மனதில் ஓடியது. எனக்கும் ஓடியது.

சாயங்காலம் என்னை ரம்பம் ஓடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். "ஒரு ராடு அறுக்கச் சொல்றேன், நீங்களே எண்ணுங்க தம்பி" என்றார்.

6 மீட்டர் ராடு. எங்கள் பின்னுக்கு வெட்டு நீளம் 218 மில்லிமீட்டர். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 2 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். ஆக ஒரு துண்டுக்கு 220. நான் எண்ணினேன், 27 துண்டு. கடைசியில் 60 மில்லிமீட்டர் மிச்சம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டை. அது எதற்கும் ஆகாது, ஸ்கிராப் டிரம்முக்குப் போகும். அதை எடுத்து என் கையில் வைத்தார். அறுத்த சூடு இன்னும் ஆறவில்லை.

உருண்டை ராடின் எடைக்கு பீண்யாவில் சின்னப் பையன்களுக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 40க்கு 1600ஐ 162ஆல் வகுத்தால் 9.88 கிலோ. நாங்கள் வாங்குவது கிலோவில், அறுப்பது மில்லிமீட்டரில், விற்பது எண்ணிக்கையில். இந்த மூன்றையும் கட்டிவைப்பது பிஓஎம், அதாவது ஒரு பொருளுக்கு எந்த மூலப்பொருள் எவ்வளவு போகும் என்ற பட்டியல். அதை நிரப்பியது நான்தான். டிராயிங்கைப் பார்த்து 218 மில்லிமீட்டருக்கு 2.153 கிலோ என்று போட்டிருந்தேன். ரம்பம் தின்றதையும் கடைசிக் கட்டையையும் சேர்த்தால் உண்மையில் ஒரு பின்னுக்கு 2.195 கிலோ ஆகிறது. வித்தியாசம் நாற்பத்திரண்டு கிராம்.

நாற்பது கிராம்தானே என்று தோன்றும். மாதம் பத்தாயிரம் பின் போடுகிறோம். பின் முடிந்தது என்று லைனில் எண்ட்ரி போட்டதும் சிஸ்டம் தானாகவே பிஓஎம்படி ராடைக் கழித்துக்கொள்ளும். பத்தாயிரத்துக்கு அது கழிப்பது 363 ராடு. நிஜத்தில் போவது 370. மாதம் ஏழு ராடு, மூன்று மாதத்தில் இருபத்தொன்று. எண்ணியபோது குறைந்ததும் அதுவேதான். அவ்வளவும் நான் போட்ட ஒரு எண்ணால் காணாமல் போனது.

அண்ணாவுக்கு இது கோ-லைவுக்கு முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு குறைவு வந்து, நாலு மாதச் சம்பளத்தில் பிடித்தார்களாம். அப்போதும் விளக்கிச் சொன்னாராம், சாக்கு சொல்கிறான் என்றார்களாம். அதனால் இங்கே நோட்டில் எழுதிவைத்தார். என்றாவது யாராவது கேட்டால் காட்ட அவரிடம் ஒரு சாட்சி வேண்டும். மாலையில் மொத்தமாக எண்ட்ரி போட்டதும் அதற்குத்தான், முதலில் நோட்டோடு ஒத்துப்பார்த்துக்கொள்ள. நான் ஒத்துழையாமை என்று எழுதியது ஒரு மனிதர் தன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததை.

உங்கள் ஆட்கள் வைத்திருக்கும் எக்செலும் இப்படி ஒரு சாட்சியாக இருக்கலாம். திரையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. திரையில் வரும் எண்ணுக்கு யார் தலை உருளும் என்பதுதான் பயம். அதற்குப் பதில் சொல்லாமல் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் பலன் இல்லை.

இங்கே சிலர் வந்து, ஸ்டோர்ஸில் திருட்டே நடக்காதா என்று கேட்பார்கள். நடக்கும், நானே பிடித்திருக்கிறேன். ஆனால் பிஓஎம் சரியாக இருந்தால்தான் அது தெரியும். எண்ணே தப்பாக இருக்கும் இடத்தில் திருடனும் நல்லவனும் ஒரே குறைவில் ஒளிந்துகொள்வார்கள். கன்சல்டண்ட் நண்பர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாற்றத்துக்கு ஆட்களைத் தயார்படுத்தும் உங்கள் ஆட்கார் மாடலையெல்லாம் நானும் படித்திருக்கிறேன், ஆசையை உண்டாக்கு, அறிவைக் கொடு என்பதெல்லாம் சரிதான். எங்களுக்கு வந்த பயிற்சி மீட்டிங் அறையில் இரண்டு நாள், ஆங்கிலத்தில், நடுநடுவே ஹிந்தி. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

இது சின்னக் கம்பெனிக்கு மட்டும் வரும் வியாதி என்றும் நினைக்காதீர்கள். ஜெர்மனியின் லிடில் கடைகள் ஏழு வருடம், சுமார் ஐம்பது கோடி யூரோ செலவழித்தபின் 2018இல் எஸ்ஏபி ஈஆர்பி திட்டத்தைக் கைவிட்டன. அவர்கள் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிட்டு வந்தவர்கள், மென்பொருள் விற்பனை விலையில் கணக்கிடும்படி அமைந்திருந்தது, அதை வளைக்கப் போனதுதான் பெரிய சிக்கல் என்று அப்போது செய்திகளில் வந்தது. அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் 1999இல் அவசரமாக மாறிவிட்டு, ஹாலோவீன் சமயத்தில் கிடங்கில் சாக்லேட் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் தவித்தது. நமக்கு ராடு, அவர்களுக்கு சாக்லேட்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பிஓஎம்மை அன்றிரவே திருத்தினேன். கடைசிக் கட்டையையும் ரம்பத்தூளையும் எடை போட்டு ஸ்கிராப்பாக வரவு வைக்க ஒரு தனி ஐட்டம் திறந்தோம். இவை சுலபம். கஷ்டமானது அடுத்தது. எம்டியிடம் போய், ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டேன்: செப்டம்பர் 30ஆம் தேதிக் கணக்கெடுப்பு வரை எந்த இடத்தில் எவ்வளவு கூடுதலோ குறைவோ கண்டுபிடிக்கப்பட்டாலும், யாரிடமும் விளக்கம் கேட்கப்படாது, சம்பளத்தில் பிடிக்கப்படாது. அவர் தயங்கினார். நாளைக்கு எல்லாரும் இதையே காட்டுவார்களே என்றார். ஆடிட்டருக்கும் இஷ்டமில்லை. இரண்டு வாரம் இழுத்துக் கடைசியில் கையெழுத்துப் போட்டார். கன்னடம், தமிழ், ஹிந்தி மூன்றிலும் எழுதி கேண்டீன் பக்கத்து போர்டில் ஒட்டினோம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் சிஎன்சி லைன் சூபர்வைசர் ஒருவர் தன் பீரோவைத் திறந்து மூன்று டிரே நல்ல பின்களை வெளியே வைத்தார். ரிஜெக்‌ஷன் வந்தால் ஈடுகட்ட ஒதுக்கிவைத்தவை. அப்புறம் டூல் இன்சர்ட்டுகள், மெஷினில் இரும்பைச் சீவும் மாற்று முனைகள், வந்தன, பத்துப் பத்தாக வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள். கருவிப் பெட்டி, லாக்கர், மெஷினுக்குப் பின்னால் என்று எங்கெங்கிருந்தோ வந்தன. ஒரு ஆபரேட்டரிடம் ஏன் என்று கேட்டேன், கேள்வியாக இல்லாமல் தெரிந்துகொள்ளத்தான். நைட் ஷிஃப்டில் இன்சர்ட் உடைந்தால் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும், காலை வரை மெஷின் நிற்கும், உற்பத்திக் கணக்கு என் பேரில் குறையும் என்றார். அதற்குப் பின்தான் இரவுக்கும் ஒருவரை ஸ்டோர்ஸில் போட்டோம். அந்த ஏற்பாடு எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லாதது.

வெளிப் பட்டறைகளுக்கு அனுப்பிச் செய்து வாங்கும் ஜாப் வொர்க்கிலும் இதே கதைதான். பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் வெளியே போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி வெளியே அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகி வரி கட்டவேண்டும். எங்கள் டிரைவர்களின் சட்டைப் பையிலும் வண்டியின் டேஷ்போர்டிலும் சிஸ்டத்தில் ஏறாத சலான்கள் இருந்தன. அவற்றையும் கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

அக்டோபரில் ராடு கணக்கு ஒரு ராடு வித்தியாசத்துக்குள் வந்தது. அண்ணா யாரும் சொல்லாமலேயே இஷ்யூவை அந்தந்த நேரத்தில் போட ஆரம்பித்தார். நோட்டை மட்டும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீண்யா வழியாகப் போகும் தும்கூர் ரோட்டு மேம்பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள். கார்களுக்கு இரண்டு மாதத்தில் திறந்தார்கள், லாரிகளுக்கு 2024 நடுவரை திறக்கவில்லை. அந்த இரண்டரை வருடமும் எங்கள் ராடு லாரிகள் கீழே சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்து வந்தன. எங்கள் சிஸ்டம் ஒவ்வொரு தாமதத்துக்கும் சப்ளையரின் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே போனது. பாலம் மூடியிருக்கிறது என்று எழுத அதில் இடம் கிடையாது. நேர்மையான ஒரு சின்ன சப்ளையர், பட்டியலில் கடைசிக்குப் போய், வருட கான்ட்ராக்டை இழந்தார். பீண்யாவில் ஆயிரக்கணக்கான பட்டறைகள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அண்ணா 2022இல் ரிடையர் ஆனார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், "விடுங்க தம்பி" என்றார். ஆனால் மெயில் போனது பதினேழு பேருக்கு. அதே பதினேழு பேருக்கு, தப்பு என் பிஓஎம்மில் என்று இன்னொரு மெயில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இன்று வரை உறுத்துகிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த எக்செலைத் தடை செய்யாதீர்கள், கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்திடமிருந்து ஒரு தேதி போட்ட கையெழுத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் கேளுங்கள், வெறும் வாய்ப் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். கையில் வந்ததும் கட்டங்களின் தலைப்புகளை மட்டும் படியுங்கள். சிஸ்டத்தில் இல்லாத தலைப்பு ஒன்றாவது இருக்கும். அண்ணாவின் நோட்டில் தேதி, ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்), ராடு, பீஸ், அதற்கு அடுத்து, கடைசியில் மிஞ்சும் கட்டைக்கு "துண்டு" என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று மாதமும் அந்த நோட்டு அவர் மேஜை மேல் திறந்தேதான் கிடந்தது.

உங்கள் தொழிற்சாலையும் ராடோ ஷீட்டோ வெட்டும் இடம் என்றால், அதிகமாக ஓடும் ஒரு ஐட்டத்தின் வெட்டு நீளத்தையும் பிஓஎம் எடையையும் கீழே கருத்தில் போடுங்கள். நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.