அம்பாசிடர் டிஃப்ரன்ஷியல்: பிரித்து, அளந்து, பூட்டுவது

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் மூன்றாம் வரிசையின் வழியில் உத்தர்பாராவில் தயாரான பழைய அம்பாசிடரின் பின் ஆக்ஸில் பற்றி வந்த கேள்விகள் இவை. இன்ஜினின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் கூடுதான் டிஃப்ரன்ஷியல்; அதிலுள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சிறியது பினியன். பதில்களில் ‘தவ்’ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கேள்வி: ஐம்பதைத் தாண்டினா பின்னாடி ‘ஊ’ன்னு இழுக்குது சார். டிஃப்ரன்ஷியலா, வீல் பேரிங்கா?

பதில்: ஆக்ஸிலேட்டரை வைத்தே சோதிக்கலாம். அழுத்தும்போது ஏறி, காலை எடுத்ததும் சத்தத்தின் சுருதி மாறினால் கிரவுன்-பினியன். கால் எப்படி இருந்தாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலது வீல் பேரிங்கைப் பாருங்கள், பாரம் அங்கேதான் விழுகிறது. கிளட்சை விடும்போது மட்டும் ‘டக்’ என்றால் டிஃப்ரன்ஷியலில் கை வைக்காதீர்கள். முதலில் யூ ஜாயின்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டைப் பாருங்கள்.

கேள்வி: 140 நம்பர் ஆயில் ஊத்தினா சத்தம் போயிடும்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

பதில்: அது தடித்த ஆயில்; சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. இது ஹைப்பாய்டு கியர். பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க ஈ.பி. 90 ஹைப்பாய்டு ஆயில்தான் வேண்டும். சத்தம் அடங்க ஆயிலோடு மரத்தூள் போடும் வைத்தியத்தை அடியோடு மறந்துவிடுங்கள்.

கேள்வி: டிஃப்ரன்ஷியல் கூட்டை வெளியே எடுக்க ஆக்ஸிலையே இறக்கணுமா?

பதில்: வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு, டிரம்மைக் கழற்றி, இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் வெளியே இழுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், சுற்றியுள்ள நட்டுகளை எடுத்து டிஃப்ரன்ஷியலை முன்பக்கமாகவே உருவலாம். கனமானது, அடியில் ஜாக்கி கொடுங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகளான பேரிங் கேப் இரண்டிலும் எது இடம், எது வலம் என்று பிரிக்கும் முன்பே சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். மாற்றிப் போட்டால் பேரிங் நேராக உட்காராது.

கேள்வி: புது கிரவுன்-பினியன் செட் வாங்கியிருக்கேன் அண்ணா. எதுல ஆரம்பிக்கணும்?

பதில்: வாங்கியது உங்கள் விகிதம்தானா என்று பற்களை எண்ணிப் பாருங்கள் தம்பி. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.875; 41-க்கு 9 என்றால் 4.555. இரண்டிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து பினியனின் ஆழம். பினியன் தலைக்கும் பெரிய பேரிங்குக்கும் நடுவிலுள்ள வாஷர்தான் அதை முடிவு செய்கிறது. பினியன் முகத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். பழையதில் +2, புதியதில் −1 என்றால், பழைய வாஷரைவிட 3 தவ் தடித்ததைப் போட்டுத் தொடங்கலாம். இது தொடக்கம்தான், தீர்ப்பு சொல்வது மை பூசிப் பார்க்கும்போது பல்லில் விழும் தடம்.

மூன்றாவது ப்ரீலோடு, அதாவது பினியன் பேரிங்குகளை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு. ஆயில் சீல் போடாமல் பினியன் நட்டை 140 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். பினியன் முனையிலுள்ள ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். புதுப் பேரிங்குக்கு 11 முதல் 13 பவுண்டு-அங்குலம் வேண்டும். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 4 செ.மீ. என்றால், சுழன்றுகொண்டே இருக்கும்போது தராசு 3.2 முதல் 3.7 கிலோ காட்டும். அசையத் தொடங்கும் நொடியில் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இறுக்கமாக இருந்தால் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயோடு ஒரு ஷிம் (மெல்லிய தகடு) சேருங்கள், தளர்வாக இருந்தால் ஒன்றை எடுங்கள். நட்டைத் தளர்த்தி ப்ரீலோடைச் சரிசெய்வது பெரிய தவறு. ஓடும்போது பினியன் முன்னும் பின்னும் ஆடி, சில நூறு கிலோமீட்டரில் பல் போய்விடும்.

கேள்வி: கிரவுன் பக்கம் பேக்லாஷ் எவ்வளவு?

பதில்: பேக்லாஷ் என்பது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி. கிரவுனிலேயே பொறித்திருக்கும், அதுதான் அளவு. பக்கவாட்டு பேரிங்குகளில் ‘த்ரஸ்ட்’ என்று பொறித்த முகம் வெளியே பார்க்கட்டும். முதலில் கிரவுனின் கோணலை டயல் கேஜில் பாருங்கள். 2 தவ்வுக்கு மேல் போனால் கழற்றி, உட்காரும் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு துளி பிசிறுதான் காரணம். பேக்லாஷை நான்கு இடத்தில் அளக்க வேண்டும். 2 தவ் ஷிம்மை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால் பேக்லாஷும் ஏறக்குறைய 2 தவ் மாறும். மொத்த ஷிம் தடிமனைக் குறைத்துவிடாதீர்கள், பேரிங்கின் பிடி போய்விடும்.

கேள்வி: தடம் பார்க்கிறது எப்படி? நீல மை பூசினா எல்லாப் பல்லும் ஒரே மாதிரிதான் தெரியுது.

பதில்: மையை அள்ளிப் பூசியிருக்கிறீர்கள். நாலைந்து பல்லுக்கு மட்டும் மெல்லிசாகப் பூசி, கிரவுனை மரக்கட்டையால் லேசாக அழுத்திப் பிடித்தபடி பினியனை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். எதிர்ப்பு இல்லாமல் சுற்றினால் தடம் பொய் சொல்லும். மை விலகிய இடம் பல்லின் நடு உயரத்தில், சற்றே உட்பக்க நுனியை ஒட்டி, நீள்வட்டமாக இருந்தால் நல்லது. பல்லின் உச்சியில் கீற்றாக விழுந்தால் பினியன் எட்டி நிற்கிறது, தடித்த வாஷர் போடுங்கள். அடிவேரில் விழுந்தால் மெல்லிய வாஷர். உயரம் சரியாக இருந்து வெளிப்பக்கக் குதியில் விழுந்தால் கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்துங்கள்; உட்பக்க நுனியின் விளிம்பிலேயே விழுந்தால் விலக்குங்கள். வாஷரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ப்ரீலோடும் பேக்லாஷும் மறுபடி அளக்க வேண்டும். நான்கைந்து முறை பிரித்துப் பூட்ட நேரும். இந்த இடத்தில் அலுத்துப்போய் ‘போதும்’ என்று மூடிய டிஃப்ரன்ஷியல்தான் பிறகு ஆயுளுக்கும் ஊளையிடுகிறது.

கேள்வி: பழைய கிரவுன்-பினியன் நல்லாதான் இருக்கு, பேரிங் மட்டும் மாத்துறேன். புது அளவுக்கே பேக்லாஷ் வைக்கலாமா?

பதில்: கூடாது. பல ஆண்டுகள் ஒன்றோடொன்று ஓடித் தேய்ந்த பற்கள் அந்த இடத்தில்தான் அமைதியாக ஓடும். பிரிக்கும் முன்பே பேக்லாஷை அளந்து, தடத்தைப் படமெடுத்து வைத்து, அதே நிலைக்குத் திரும்புங்கள். பொறித்த அளவுக்கு இறுக்கினால், இல்லாத சத்தம் புதிதாக வரும்.

கேள்வி: பூட்டி ஒரு வாரம் ஆச்சு. சத்தம் இல்ல, ஆனா பின் பிரேக் டிரம்முல ஆயில் இறங்குது.

பதில்: ஹப் சீலை மாற்றும் முன் ஆக்ஸில் குழாயின் மேலே உள்ள பிரீதரை, அதாவது காற்றுப் போகும் துளையைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அடுத்து ஆயில் மட்டம்: சமதளத்தில் நிறுத்தி நிரப்பும் துளையைத் திறந்தால் அதன் விளிம்போடு நிற்க வேண்டும், வழிந்தால் வழியட்டும் என்று விடுங்கள். நனைந்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். புது கியர் என்றால் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, காந்தத்தால் துழாவிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பு; நகத்தில் நெருடும் துணுக்கு வந்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.