கிச்சாப்பைப் பார்த்துக்கொள்வது யார் வேலை?

கேள்வி: எனக்கு வயது 68. ஆயர் ஈத்தாமில் எட்டாவது மாடி வீட்டில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 6. காலையில் எழுப்பி வேனில் ஏற்றுவதிலிருந்து இரவு தூங்க வைப்பது வரை நான்தான். போன மாதம் கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த ஒரு கறுப்புப் பூனைக்குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்துவிட்டார்கள். கிச்சாப் என்று பெயரும் வைத்தாயிற்று. முதல் வாரம் அவர்களே பார்த்தார்கள். இப்போது பால் வைப்பது, மீன்குழம்புச் சோறு பிசைந்து போடுவது, மணல் அள்ளுவது எல்லாம் என் தலையில். எனக்கு முட்டிவலி, இனிப்பு நீரும் உண்டு. பேரனுக்கு இளைப்பு வரும். கறுப்புப் பூனை வீட்டுக்கு ஆகாது என்கிறாள் என் தங்கை. பாசார் சந்தையில் விட்டுவிடலாம் என்கிறார் மருமகன். பேத்தி அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். வெட்டிய பகுதியில் இருந்ததை வாசகர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தால் கிச்சாப் உங்கள் கைலியைப் பற்றிக்கொண்டு மடிக்கு ஏறுவது, கிள்ளிப் போட்ட தலைகளை விட்டுவிட்டு உங்கள் விரலை நக்குவது, பேரனின் பள்ளிப் பைக்குள் அது தூங்குவது தெரியாமல் நீங்கள் ஜிப்பை இழுக்கப் போனது என்று ஒன்றரைப் பக்கத்துக்கு அதன் கூத்துதான். குறை என்று எழுதியது நாலு வரி. ஆக, குட்டியை என்ன செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்து வெகு நாளாயிற்று. கேட்க நினைத்தது வேறு. இந்த வீட்டில் எந்தப் புது வேலை வந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது ஏன் என் தலையில் வந்து விழுகிறது?

நியாயமான கேள்வி. இது பூனையோடு வந்த வருத்தமும் இல்லை. டூஷனுக்குக் கூட்டிப்போவது, காய்ச்சல் வந்தால் இரவு கண்விழிப்பது, பள்ளி விடுமுறை முழுக்க இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பது என்று ஒவ்வொன்றும் “அம்மாதான் இருக்காங்களே” என்று சேர்ந்துகொண்டே போயிருக்கும். மகளைக் குறை சொல்ல வரவில்லை. பொழுதெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டுப் பேக்டரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்கு, மணலை யார் அள்ளினார்கள் என்று பார்க்கத் தெம்பு இருக்காது. அதனால்தான் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவு ஷிப்ட் முடிந்து வருகிற காலையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளைகள் எதிரிலும் வேண்டாம். அவளுடைய ஓய்வு நாளில் ஒரு தேநீர் கலந்து கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். “இந்தப் பூனையை என்னால் பார்க்க முடியாது” என்று ஆரம்பித்தால் மருமகனின் பாசார் யோசனைதான் ஜெயிக்கும். “கிச்சாப் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாடு நான் வைக்கிறேன். மற்றதை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். மற்றது எது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மணல் தட்டு மகளோ மருமகனோ, அன்று யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பாடு. குனிந்து அள்ளுகிற வேலை உங்கள் முட்டிக்கு ஆகவே ஆகாது. தீனி, பூனை மணல், டாக்டர் செலவு அவர்களுடையது. உங்கள் கைச்செலவுக் காசிலிருந்து ஒரு வெள்ளிகூடப் போகக் கூடாது.

காலையும் மாலையும் தீனி வைத்துத் தண்ணீர் மாற்றுவது பேத்தி வேலை. அவள் மறந்தால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள். குட்டி கத்தும், கத்தட்டும். பட்டினி போடச் சொல்லவில்லை, கால் மணி நேரம் பொறுக்கத்தான் சொல்கிறேன். பேரனுக்கும் ஒரு வேலை உண்டு: தரையில் கிடக்கிற ரப்பர் வளையம், நூல், ரிப்பன் எல்லாவற்றையும் பொறுக்குவது. சாப்பாடு பொட்டலம் கட்டி வாங்குகிற வீட்டில் ரப்பர் வளையத்துக்குப் பஞ்சமே இருக்காது. குட்டிகள் அதை விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை போகும். ஆறு வயதுப் பையனுக்கு இது பொருத்தமான பொறுப்பு. மணல் தட்டுப் பக்கம் மட்டும் அவனை விடாதீர்கள். குட்டியின் மலத்தில் புழு முட்டை இருக்கலாம், பையன் கை எந்நேரமும் வாயில்.

இனி உங்கள் காலுக்கு வருகிறேன். உண்மையில் என் பெரிய கவலை அதுதான். குட்டிப் பூனைக்கு அசைகிற கால்விரல் என்றால் எலி. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் கீறியதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அதனால் வீட்டுக்குள்ளும் விரல் மூடிய செருப்பு போடுங்கள். இரவு படுக்கப் போகும்முன் பாதத்தையும் விரலிடுக்கையும் ஒரு தடவை பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். கடித்துவிட்டால், மேலே புள்ளி மாதிரித்தான் தெரிகிறது என்றாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். பூனைப் பல் மெலிசு, கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வெளியே கிடந்து எடுத்த குட்டி என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, தடுக்கி விழுவது. சமையல்கட்டில் கொதிக்கிற சட்டியோடு திரும்பும்போது காலுக்கடியில் பூனை இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சமைக்கும்போது அதை ஓர் அறையில் போட்டுச் சாத்திவிடுங்கள். கழுத்தில் ஒரு மணிப்பட்டை கட்டலாம், ஆனால் இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்கிற வகையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சாதாரணப் பட்டை எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். கழிவறைக்குப் போகிற வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கறுப்புக் குட்டி இருட்டில் தெரியாது. உங்கள் தங்கை பயப்பட வேண்டிய கறுப்பு இதுதான், சகுனம் இல்லை. வீட்டோடு இருக்கிற பூனை ஒரு நாளைக்கு நாற்பது தடவை குறுக்கே போகும். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

பேரன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பூனை முடிதான் இளைப்புக்குக் காரணம் என்று நினைக்கிறோம். அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம்தான் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பூனை உடம்பை நக்க நக்க அது முடியில் காய்ந்து, வீடெங்கும் பறக்கும். ஆகவே மொட்டையடித்தாலும் பயனில்லை. பையன் படுக்கிற அறைக்குள் கிச்சாப் நுழையவே கூடாது, பகலிலும்தான். தொட்டு விளையாடினால் கை கழுவ வேண்டும். வீட்டில் பூனை வந்திருப்பதை அவனைப் பார்க்கிற டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இரவு இருமல் கூடினாலோ, பம்பு அடிக்க வேண்டிய தடவை கூடினாலோ குட்டி வேறு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேத்தியின் அழுகைக்கு அங்கே இடமில்லை. அப்படி ஒரு நிலைமை வரலாம் என்று அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

சாப்பாடு. பாலை நிறுத்திவிடுங்கள். மாட்டுப் பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். அப்புறம் அந்தத் தட்டை யார் அலசுவது? மீன்குழம்புச் சோறும் வேண்டாம். அதில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வெறும் சோறு கெடுதல் செய்யாது, ஆனால் இறைச்சி தின்று வாழ்கிற பிராணிக்கு அதில் சத்து இல்லை. கடையில் விற்கிற குட்டிகளுக்கான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைத்தால் போதும். எப்போதாவது கெம்போங் மீனை உப்புப் போடாமல் அவித்து முள் எடுத்துக் கொடுக்கலாம், உங்களுக்கும் ஆசையாக இருக்கும். தும்முகிறதே, உடம்பு சுடுகிறதே என்று பெனடாலைக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், சின்னத் துண்டுகூட. கோடாலித் தைலமும் அதற்கு விஷம். நீங்கள் முட்டிக்குத் தேய்த்த அன்று அதை மடியில் ஏற விடாதீர்கள், நக்கிவிடும்.

எட்டாவது மாடி என்பதால் ஜன்னலைப் பாருங்கள். நம் வீட்டுக் கிரில் கம்பி திருடனுக்காகப் போட்டது, குட்டி அதில் சுலபமாக நுழைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் வலை வாங்கி உள்பக்கமாகக் கட்டிவிட்டால் தீர்ந்தது, மருமகனுக்கு ஒரு மணி நேர வேலை. தாழ்வாரத்தில் அலையவும் விடாதீர்கள். 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவோ ஆபத்தோ தருகிற பிராணியை வைத்திருக்க முடியாது. நிர்வாகம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் 3 நாளில் அப்புறப்படுத்த வேண்டும். நாற்றமும் சத்தமும் இல்லாதவரை பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள். ஆனாலும் மேனேஜ்மெண்ட் அலுவலகத்தில் மகளை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் தனி நிபந்தனை போட்டிருப்பார்கள். உங்கள் மாடியில் பூனை வளர்க்கிற மக்சிக் (மலாய்க்கார அம்மா) யாராவது இருந்தால் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நாளில் தீனி வைக்க ஆள் வேண்டுமே.

பாசார் மட்டும் வேண்டாம். மீன் கடைக்குக் கீழே வயிறு நிறையும் என்று நினைத்துத்தான் பலரும் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இடம் பிடித்த பெரிய பூனைகள் குட்டியை அண்ட விடுவதில்லை. விடியற்காலை லோரிகள் வேறு. வளர்க்கிறவருக்குக் கடமை உண்டு என்று சொல்கிற 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் இருக்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பிள்ளைகளின் வகுப்பில் தொடங்கி வீடு தேடுங்கள். ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் எஸ்பிசிஏ என்கிற விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது, அவர்களிடமும் யோசனை கேட்கலாம். மருமகனிடம் இதற்காக நீங்கள் வாதாட வேண்டாம், மகள் பேசிக்கொள்வாள்.

கிச்சாப் ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. பெண்ணாக இருந்தால் நாலு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். எட்டாவது மாடியில் ஐந்து பூனைகளோடு நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். கருத்தடையை எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் முதல் தடவையே கேட்டுவிட வேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போடுவார்கள். புழு மருந்தும் அவரே கொடுப்பார். உண்ணி மருந்தை மட்டும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள், நாய்க்கு விற்கிற சிலவற்றால் பூனை செத்துப்போகும். மகளின் அடுத்த ஓய்வு நாளுக்கே டாக்டரிடம் நேரம் வாங்கச் சொல்லுங்கள். மூடி உள்ள துணிக்கூடையில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதில் வைத்துக் கொண்டுபோகலாம். மருமகன் கார் ஓட்டட்டும், பிள்ளைகள் இரண்டு பேரும் கூடவே போகட்டும். நீங்கள் போக வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், படுத்துத் தூங்குங்கள்.