கையில் பலம் உண்டு, பேணி ஏன் நழுவுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. வலக்கை இப்போது நன்றாக இறுக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் தேத்தண்ணிப் பேணியோடு கதைத்துக்கொண்டிருந்தால் விழுத்திவிடுகிறார். ரப்பர் பந்தை இன்னும் நசுக்கச் சொல்லவா? (வாசகி, இணுவில்)

பதில்: பந்து உதவாது. 'கதைத்துக்கொண்டிருந்தால்' என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதற்குள்தான் இருக்கிறது. பேணியைப் பார்த்தபடி இருக்கும்வரை கண் காவல் நிற்கிறது. பார்வை விலகினால் தொடுகைதான் காவல் நிற்க வேண்டும். அப்பாவுக்குக் குறைந்திருப்பது பெரும்பாலும் அதுவே.

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலுமாக ஏறக்குறைய 17,000 தொடு உணரிகள் உள்ளன. பேணி மயிரிழையளவு வழுக்கினாலே விரல்நுனி அறிந்துவிடும். வலக்கையின் செய்தி முள்ளந்தண்டு வழியே ஏறி, மூளைத்தண்டில் பக்கம் மாறி, மூளையின் நடுவே உணர்வுச் செய்திகளைக் கைமாற்றும் தலமஸைக் கடந்து, இடப்பக்க மூளையின் தொடு உணர்வுப் பட்டையை அடைகிறது. அதற்கு முன்னால் ஒட்டினாற்போல் கிடப்பதுதான் அசைவுக்குக் கட்டளையிடும் பட்டை. வழுக்கத் தொடங்கி ஏறத்தாழ வினாடியின் பத்திலொரு பங்கில் பிடி தானாக இறுகும். நாங்கள் கவனிப்பதுகூட இல்லை. அசைவுப் பகுதி தேறியும் உணர்வுப் பாதை பழுதாகவே இருந்தால், கை ஒன்றில் அளவுக்கு மேல் நெரிக்கும், இல்லாவிட்டால் மெல்ல மெல்லத் தளரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, திறப்பு, நாணயம், புளியங்கொட்டை மூன்றையும் ஒவ்வொன்றாக வலக்கையில் வையுங்கள். தடவிப் பார்த்தும் சொல்ல முடியாமல், இடக்கையில் வைத்ததும் சொன்னால் சந்தேகம் உறுதியாகிறது.

பயிற்சிக்கு நாளுக்கு இருமுறை, 15 நிமிடம் போதும். களைத்த கை பிழையாகவே கற்கும். தும்பு, பஞ்சு என்று வேறுபாடு பெரிதானவற்றில் தொடங்குங்கள். பார்த்தபடி தடவல், கண்ணை மூடித் தடவல், இடக்கையால் ஒப்பிடல், திரும்பப் பார்த்துச் சரிபார்த்தல். பொருளை நீங்கள் அவர் கையில் தேய்த்துவிடுவது குறைந்த பலனே தரும், அவர் விரல்தான் அசைய வேண்டும். பிறகு அரிசிக்குள் புதைத்த கடலையைத் தேடி எடுக்கட்டும். கடைசியாக, கால்வாசி குளிர்ந்த நீர் விட்ட கடதாசிக் கோப்பை: 5 வினாடி வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கட்டும். கோப்பை நசுங்கினால் பிடி கூடிவிட்டது.

மூக்குப்பேணியை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். மினுக்கிய பித்தளை வழுக்கும், சூட்டையும் கடத்தும். பிளாஸ்டிக் கோப்பையில் இரண்டு ரப்பர் வளையம் மாட்டினால் அதே பிடி தாங்கும். சுடுநீரை இடக்கையால் மட்டும் சோதிக்கட்டும், வலக்கை பொசுங்கினாலும் தெரியாமல் போகலாம்.

இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போகும்போது சிடி ஸ்கேன் அறிக்கையையும் கொண்டுபோங்கள். திடீரென்று புதிதாக விறைப்போ, வாய் கோணலோ, பேச்சுக் குழறலோ கண்டால் பயிற்சியை விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.