கம்யூனிச ஆட்சியில் சீனர்களின் பழைய சடங்குகளெல்லாம் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. முக்கியமாக, இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு அழியவே இல்லை. நான் குவாங்சோவில் வேலை பார்க்கிறேன், அதனால் தென்சீனாவை வைத்துத்தான் சொல்ல முடியும். வடக்கே வழக்கங்கள் வேறு.

ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி சிங்மிங் வரும். முன்னோர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் போடும் நாள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஒரு வருடம் என்னையும் தன் அப்பாவின் ஊருக்கு அழைத்துப்போனார். மலைச்சரிவில் கல்லறைகள். முதலில் அரிவாளால் புதரை வெட்டினார்கள். அப்புறம் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லில் மங்கிப்போயிருந்த எழுத்துகளின் மேல் சிவப்புச் சாயத்தை மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கோடாகத் தீட்டினார். மூன்று கிண்ணங்களில் அரிசிச் சாராயம், வேகவைத்த கோழி, ஆரஞ்சுப் பழம், தோல் மொறுமொறுவென்று இருக்கும்படி முழுதாக வாட்டிய ஒரு பன்றி. இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் கட்டுக்கட்டாகப் போலிக் காகிதப் பணத்தை எரித்தார்கள். ஒரு காகிதக் கைப்பேசியும் சேர்ந்து எரிந்தது.

கும்பிட்டு முடிந்ததும் பன்றியை அங்கேயே வெட்டிப் பங்கு போட்டார்கள். குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்தில் பழைய வழக்கப்படி இந்தப் பங்கு வம்சத்து ஆண்களுக்குத்தான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்மணிக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள். இறந்துபோன அவர் அப்பா நகரத்தில் அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு குழந்தைக்கு மேல் பெற்றிருந்தால் வேலைக்கே ஆபத்து. ஒரே பெண். “தம்பிக்கு இவளை விட்டா வேற யாரு இருக்கா?” என்று கேட்டபடியே பெரியப்பா இறைச்சியை அவர் பையில் போட்டார்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. சடங்கு அப்படியே இருக்கிறது, அதைச் செய்யும் ஆள் மாறிவிட்டார். பெண்ணுக்குச் சம உரிமை என்று 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலிருந்தே கட்சி சொல்லிவந்தது. கட்டாயக் கல்யாணம், சிறுமிகளை மருமகளாக வாங்கி வளர்ப்பது, வைப்பாட்டி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் அந்தச் சட்டம் தடை செய்தது. அது பெரிய விஷயம்தான். ஆனாலும் குலத்தின் படையலில் மகளுக்கு இடம் வாங்கிக்கொடுத்ததில், 1980இல் தொடங்கி 2015 வரை நீடித்த ‘குடும்பத்துக்கு ஒரே குழந்தை’ என்ற கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கொள்கையின் நோக்கமே வேறு. கட்டாயக் கருக்கலைப்புகளையும், ஆண் குழந்தைக்காக அழிக்கப்பட்ட பெண் சிசுக்களையும் நினைத்தால் அதை நான் ஒருநாளும் பாராட்ட மாட்டேன்.

அழிக்க முயற்சியே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1956இல் மாவோவும் நூற்றுக்கும் மேற்பட்ட தலைவர்களும் தங்களைப் புதைக்க வேண்டாம், எரித்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியதும் பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் என்ற நான்கையும் ஒழிக்கச் செங்காவலர்கள் என்ற மாணவர் படையினர் கிளம்பினார்கள். தத்துவ ஞானி கன்பூசியஸின் சொந்த ஊரான சூஃபூவில் அவருடைய கல்லறையையே தோண்டினார்கள். வீடுகளில் இருந்த வம்சாவளிப் புத்தகங்கள் தீயில் போயின. 1967இல் சீனப் புத்தாண்டு விடுமுறையைக்கூட ரத்து செய்தார்கள்.

பிறகு காற்று மாறியது. குவாங்டாங்கில் அதற்குக் காரணம் பணம். 1980இல் ஹாங்காங்கை ஒட்டிய ஷென்ஷென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஹாங்காங்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருந்த சீனர்கள் முதலீட்டோடு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் தேடியது தாத்தாவின் கல்லறையையும், முன்னோர்களை வழிபடும் குலக்கோயிலையும்தான். பள்ளிக்கூடமாகவும் கிடங்காகவும் மாறியிருந்த குலக்கோயில்களைப் பழையபடி எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். முதலீடு வேண்டுமே, அதிகாரிகள் தடுக்கவில்லை. 2008இல் சிங்மிங்கை அரசே தேசிய விடுமுறை ஆக்கியது. இப்போது அந்த நாட்களில் நெடுஞ்சாலையில் கார்களுக்குச் சுங்கக் கட்டணம்கூடக் கிடையாது. சாலை நிரம்பி வழியும்.

அதற்குப் பிறகும் உரசல் உண்டு. 2012இல் ஹெனான் மாகாணத்தின் சோகோவ் பகுதியில், விளைநிலத்தை மீட்கிறோம் என்று லட்சக்கணக்கான கல்லறை மேடுகளை அதிகாரிகள் தரைமட்டமாக்கினார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த புத்தாண்டுக்கு ஊருக்கு வந்த மக்கள் மண்ணை அள்ளிப் பல மேடுகளைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். அப்போதே எட்டுக் கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் இருந்த ஒரு கட்சியின் கட்டளையை மண்வெட்டியோடு வந்த குடும்பங்கள் ஒதுக்கித் தள்ளியதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அதே சமயம் எரியூட்டல் பரவலாக நிலைத்துவிட்டது, குறிப்பாக நகரங்களில். நான் பார்த்த அந்த மலைக் கல்லறையில்கூட அப்பாவின் சாம்பல் கலசம்தான் இருக்கிறது. எரிப்பது அரசின் விதி, கொண்டுவந்து ஊர் மண்ணில் வைப்பது குடும்பத்தின் விதி. இரண்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இனிமேல் என்ன ஆகும் என்பதுதான் எனக்கும் கவலை. பெரிய நகரங்களில் கல்லறை இடத்தின் விலை நடுத்தரக் குடும்பங்களைத் திணறடிக்கிறது. சாம்பலைக் கடலில் கரையுங்கள், மரத்தடியில் வையுங்கள் என்று அரசு ஊக்கம் கொடுக்கிறது. வர முடியாதவர்களுக்காகக் கல்லறையைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டுப் படம் அனுப்பும் கூலிச் சேவைகூட வந்துவிட்டது. அந்தப் பெண்மணிக்கு அதில் விருப்பமில்லை. தனக்கு மரத்தடியே போதும் என்கிறார், ஆனால் அப்பாவுக்கான படையலைத் தன் கையால் செய்வதை மட்டும் விடமாட்டாராம். அவருடைய மகனுக்கு இப்போது பதினைந்து வயது. அவனையும் வருடம் தவறாமல் மலைக்குக் கூட்டிப்போகிறார், அரிவாள் பிடிக்கச் சொல்லித் தருகிறார்.