வலைக்கண்ணில் ஐகன் மதிப்பு: பொறியியல் கணிதம் கேள்வி-பதில்

ஐகன் மதிப்பைக் கணக்குப் போட்டு எடுத்துவிடுகிறேன். அது என்ன என்று கேட்டால் முழிக்கிறேன். - முதலாண்டு மாணவி, கீழக்கரை

முழிப்பது உங்கள் தப்பில்லை அம்மா. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விடைக்கு ஓடுகிறவர்கள் நாங்கள்தான்.

ஒரு மீன்வலையை எடுங்கள். சதுரமாக விரிந்த ஒரு கண்ணின் எதிரெதிர் முடிச்சுகளைப் பிடித்து இழுத்தால் அது சாய்சதுரமாகும். நூலின் நீளம் மாறவில்லை; ஆனால் நான்கு பக்கங்களும் திசை திரும்பிவிட்டன. திரும்பாதவை இரண்டு மூலைவிட்டங்கள் மட்டும். ஒன்று நீண்டிருக்கும், மற்றது சுருங்கியிருக்கும். அந்தத் திசைகள் ஐகன் வெக்டர்கள்; எத்தனை மடங்கு என்பது ஐகன் மதிப்பு.

எண்ணிலும் பாருங்கள். இந்த இழுப்பை எண் அட்டவணையாக, அதாவது மேட்ரிக்ஸாக எழுதினால் முதல் வரிசை 0.8, 0.6, இரண்டாவது 0.6, 0.8. ஐகன் மதிப்புகள் 1.4, 0.2. பெருக்கினால் 0.28. டிடர்மினன்ட்டும் (0.8 × 0.8 − 0.6 × 0.6) அதுவே, கண்ணின் பரப்பு முன்பிருந்ததில் எத்தனை பங்காகச் சுருங்கியது என்பதும் அதுவே. இழுவலையின் கண் இழுக்க இழுக்க ஒடுங்கி, தப்ப வேண்டிய பொடிமீனும் மாட்டுவது இப்படித்தான்.

மகன் தமிழ்வழியில் படித்தவன். எம்-1 (முதல் கணிதத் தாள்) அரியர். ட்யூஷன் வைக்கலாமா? - ஒரு தகப்பனார், தொண்டி

முதலில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டச் சொல்லுங்கள். வகையிடலும் தொகையிடலும் அவனுக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் மாறியிருக்கிறது. நோட்டில் தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதட்டும். கேள்வியே புரியாமல் கோட்டைவிட்ட தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

ஹைப்பர்பாலிக் கொசைன் எதற்கு? - மண்டபம்

நங்கூரச் சங்கிலிக்கு. தன் கனத்தால் தொய்யும் சங்கிலி பரவளையம் போலத் தோன்றும், ஆனால் அல்ல. 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி என்ற கணித அறிஞர்கள் மூவரும் அதன் வளைவைக் கண்டார்கள். அந்த வளைவைச் சொல்வதுதான் ஹைப்பர்பாலிக் கொசைன். சங்கிலியின் அடிப்பகுதி கடல்தரையில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். அதற்கு எவ்வளவு நீளம் விட வேண்டும் என்பது இந்தக் கணக்கில் வரும்.

மூன்றாம் பருவம் முழுக்க சைன், கொசைனைக் கூட்டிக்கொண்டே இருக்கிறோம். ஃபூரியரால் யாருக்கு உபயோகம்? - பாம்பன்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறி வற்றும், அஷ்டமி வாக்கில் மந்தமாக இருக்கும் என்பதைப் பாம்பன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலவால் வரும் முக்கிய ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) 12.42 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, சூரியனுடையது 12 மணி நேரத்துக்கு. இரண்டு கொசைன்களையும் கூட்டி வரைந்து பாருங்கள். சுமார் 14.8 நாளுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து எழும், நடுவில் ஒன்றையொன்று அமுக்கும்.

பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், 1870-களில் கப்பிகளும் சக்கரங்களும் வைத்து இந்தக் கூட்டலைச் செய்ய இயந்திரமே கட்டினார். கறாராகச் சொன்னால் இது ஃபூரியர் தொடர் அல்ல, அதன் நெருங்கிய சொந்தம். தொடரில் எல்லா அதிர்வெண்களும் ஒரே அடிப்படையின் முழு மடங்குகளாக இருக்க வேண்டும். ஓதத்தில் அப்படி இல்லை. ஆகவே தம்பி, இதைப் பரீட்சைத் தாளில் ஃபூரியர் தொடருக்கு உதாரணமாக எழுதிவிடாதீர்கள்.