பிரேக் இன்ஸ்பெக்டர் அண்ணாச்சியிடம் கேளுங்கள்

குற்றால சீசன் வந்தாச்சு. பிள்ளைகளோடும் நாயோடும் காரில் கிளம்புகிறவர்களுக்கு, ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் பாளையங்கோட்டை அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

வண்ணார்பேட்டை: எட்டு மாதக் குழந்தை. முன்சீட்டில் என் மனைவி மடியில் வைத்துத் தென்காசி வரை போகலாமா அண்ணாச்சி?

கூடாது தம்பி. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால், உங்கள் எட்டு கிலோ பிள்ளை அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தக் கையும் தாங்காது. முன்சீட்டில் ஏர்பேக் வேறு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பின்சீட்டில் குழந்தை சீட்டை மாட்டுங்கள், பிள்ளை முகம் காரின் பின்பக்கம் பார்க்கட்டும். இந்த வயதில் தலை கனம், கழுத்து பிஞ்சு. இப்படி உட்கார்ந்தால் அடியை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். முன்னே பார்த்து உட்கார்ந்தால் கழுத்துதான் வாங்கும். 15 மாதம் வரையாவது இப்படித்தான். மாட்டியதும் சீட்டின் அடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி மாட்டுங்கள்.

பேட்டை: அபராதம் எவ்வளவு?

14 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லையென்றால் 1000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம், 194பி பிரிவு.

சங்கரன்கோவில்: எங்கள் சிப்பிப்பாறை நாய் ஜன்னலில் தலையை நீட்டினால்தான் அமைதியாக வருது.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு மானைப் பார்க்கும் வரை அமைதியாகத்தான் வரும். பார்வையால் வேட்டையாடுகிற சாதி அது. கண்ணாடியை ஏற்றுங்கள். பின்சீட்டில், மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையில் கட்டுங்கள். கழுத்துப்பட்டையில் கட்டினால் பிரேக் போடும்போது இறுகிவிடும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்துங்கள்.

மேலப்பாளையம்: மடியில் வைத்து ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் போட்டால்?

உங்கள் எடை முழுக்கப் பிள்ளையை பெல்ட்டில் வைத்து நசுக்கும். மடி சீட் இல்லை.

டவுன்: கோயில் வாசலில் அல்வா வாங்குகிற நேரம் பிள்ளை காரில் தூங்கட்டுமா?

மூடிய காரில் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் பத்து டிகிரி ஏறும். அந்த வரிசை பத்து நிமிடத்திலா முடிகிறது? கூட்டிக்கொண்டு போங்கள். நாய்க்கும் இதே பதில்.

நாங்குநேரி: மாஞ்சோலைக்கு நாயைக் கொண்டுபோகலாமா?

புலிகள் காப்பகம் அது. வனத்துறையைக் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம்: அம்பாசிடரில் எட்டுப் பேர், மடிமேல் மடியாகப் போய் வந்தோம். ஒன்றும் ஆகலையே?

ஒன்றும் ஆகாதவர்கள்தான் இங்கே வந்து எழுதுகிறீர்கள், அண்ணாச்சி.

வள்ளியூர்: பெரியவர் சொல்வது சரிதானே? அப்போது ஓட்டுகிறவனுக்கு நிதானம் இருந்தது.

நிதானம் இல்லை தம்பி, ரோடு அப்படி. மாட்டுவண்டிக்குப் பின்னால் நாற்பதில் போனோம். இப்போது நான்குவழிச் சாலையில் நூறில் போகிறீர்கள். வேகம் இரண்டரை மடங்கு என்றால் மோதலின் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல்.

அம்பாசமுத்திரம்: நான் இன்னமும் நாற்பதுதான்.

பின்னால் வருகிற லாரியும் நாற்பதா?

கடையநல்லூர்: அண்ணாச்சி, கைக்குழந்தையை மடியில்...

முதல் பதில்.

அம்பாசமுத்திரம்: சரி, பேத்திக்கு ஒன்றரை வயசு. அந்த சீட்டு அம்பாசிடரில் மாட்டுமா?

பின்சீட்டில் தோளுக்கும் இடுப்புக்குமாக வருகிற பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.