பாதியில் நின்ற கேசட்

அன்புள்ள ஐயா,

கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்கிறேன். 1974 அக்டோபரில் ‘ரெட்’ ஆல்பம் வெளிவருவதற்குச் சில நாள் முன்பு கிட்டார்காரர் ராபர்ட் ஃப்ரிப் குழுவையே கலைத்துவிட்டார். கலைக்காமல் இருந்திருந்தால் 1975-ல் வந்திருக்கக்கூடிய ஆல்பத்தை நான் தயார் செய்திருக்கிறேன். ஃப்ரிப், பாடி பேஸ் கிட்டார் வாசித்த ஜான் வெட்டன், டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்ட் மூவரும் பிறகு தனித்தனியாகச் செய்தவற்றிலிருந்து ஆறு பாட்டுகள். ஏழாவது எங்கும் இல்லாத பாட்டு, பெயர் மட்டும் வைத்திருக்கிறேன். அட்டையும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஃப்ரிப் செய்தது சரிதானா? ராக் இசையின் உச்சம் இவர்கள்தானே? ஏஐயிடம் கொடுத்தால் அந்த ஆல்பத்தைச் செய்துவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அட்டை நான்கு நாளாக என் மேசைமேல் இருக்கிறது. ஏழாவது பாட்டுக்கு எதிரே 9.14 என்று எழுதி, அடித்துவிட்டு, 9.41 என்று திருத்தியிருக்கிறீர்கள். இல்லாத பாட்டுக்கு நொடிக்கணக்குப் பார்க்கிற மனசு எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உச்சம் யார் என்பதை விடுங்கள். ஏஐயையும் விடுங்கள். ஃப்ரிப் செய்தது சரியா என்று கேட்கிறீர்களே, அப்போது அவருக்கு வயது 28. மறு வருடம் ஆன்மிக ஆசிரியர் ஜே. ஜி. பென்னட் தொடங்கிய ஷெர்போர்ன் பயிற்சிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். நமக்கு இன்னொரு ஆல்பம் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தன்னால் முடியாத வாழ்க்கையை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை இனி யாரைப் பற்றியும் கேட்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில், சென்னையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் ‘ரெட்’ ஆல்பத்தை 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கமாகப் பதிவு செய்து வாங்கினேன். ஆல்பம் 40 நிமிடம். கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம்தான் ஓடும். முதல் நான்கு பாட்டுகளே இருபத்தேழரை நிமிடத்தை எடுத்துக்கொண்டன. கடைசிப் பாட்டான ‘ஸ்டார்லெஸ்’ 12 நிமிடத்துக்கு மேல் போகும். எனக்குக் கிடைத்தது சுமார் இரண்டரை நிமிடம். மெலட்ரான் என்ற கீபோர்டின் ஒலி பனிமூட்டம் மாதிரிப் பரவும், அதன்மேல் ஃப்ரிப்பின் கிட்டார் அந்த மெட்டை இழுத்து இழுத்து வாசிக்கும், வெட்டன் பாட ஆரம்பிப்பார், பாதி வரியில் ‘டக்’ என்று பட்டன் மேலே வந்துவிடும்.

நான்கு வருடம் மீதிப் பாட்டை நானே பாடி முடித்துக்கொண்டிருந்தேன். இரவில் சைக்கிளில் வீடு திரும்பும்போது அதற்கு இரண்டு சரணம் சேர்த்தேன், ஒரு வயலின் சேர்த்தேன், அழுதுகொண்டே அடங்குகிற மாதிரி ஒரு முடிவும் வைத்தேன்.

அப்புறம் ஒரு நண்பர் வீட்டில் இசைத்தட்டிலேயே கேட்டேன். நாலரை நிமிடத்தில் குரல் நின்றுவிடுகிறது, திரும்ப வருவதே இல்லை. பேஸ் கிட்டார் 13 எண்ணிக்கையில் ஒரு வட்டம் போடத் தொடங்குகிறது. அதன்மேல் ஃப்ரிப் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அது எப்போது ஏறுகிறது என்றே தெரியாமல் ஏறுகிறது. புரூஃபோர்ட் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டி, மெல்ல மெல்ல நெருக்குகிறார். நான்கு நிமிடத்துக்கும் மேலாக இப்படி. எனக்கு மூச்சு முட்டியது. பிறகு எல்லாம் உடைந்து பாய்கிறது. கடைசியில் தொடக்கத்து மெட்டே, இந்த முறை முழு பலத்தோடு, வந்து நிற்கிறது. என் நான்கு வருடக் கற்பனையில் இதில் ஒரு துளிகூட இல்லை. கேட்ட இரண்டரை நிமிடத்தைத்தான் நான் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள் எஸ். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முதல் ஆறு பாட்டுகள் வெறும் ஒட்டுவேலை.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று பாருங்கள். வெட்டன் அதை முந்தைய ஆல்பத்துக்கே கொண்டுவந்தார். மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு வைத்திருந்த பெயரைக்கூட எடுத்து வேறொரு வாத்திய இசைக்கும் அந்த ஆல்பத்துக்கும் வைத்துவிட்டார்கள். பாட்டு ஓரமாகக் கிடந்தது. பிறகு மேடையில் வாசித்து வாசித்துத்தான் வளர்த்தார்கள். அந்த 13 எண்ணிக்கை பேஸ் வரி டிரம்ஸ்காரர் புரூஃபோர்ட் கொடுத்தது. தொடக்க மெட்டு கச்சேரிகளில், அப்போது குழுவில் இருந்த டேவிட் கிராஸின் வயலினில் இருந்தது. 1974 ஜூலை 1-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்ததுதான் குழுவோடு அவருடைய கடைசிக் கச்சேரி. அவர் இல்லாமல் லண்டனில் பதிவு செய்தபோது மெட்டு ஃப்ரிப்பின் கிட்டாருக்கு வந்தது. ஒருவர் வேண்டாம் என்றார், இன்னொருவர் தன் வேலை இல்லாததைச் செய்தார், மூன்றாமவர் போய்விட்டார். அதிலிருந்துதான் இந்தப் பன்னிரண்டு நிமிடம்.

உங்கள் பட்டியலில் யார் யாரிடம் வேண்டாம் என்று சொன்னார்கள்? வெட்டன் தனியாகப் பாடிய இடத்தில் அவரை மறுக்க ஃப்ரிப் இல்லை. ஃப்ரிப் தனியாக வாசித்த இடத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு போக புரூஃபோர்ட் இல்லை. மூன்று பேரின் தனிமையை அடுக்கி வைத்தால் அது குழு ஆகாது. 1981-ல் ஃப்ரிப்பும் புரூஃபோர்டும் ஏட்ரியன் பெலூ, டோனி லெவினோடு அதே பெயரில் திரும்பி வந்தார்களே, அந்த ‘டிசிப்ளின்’ ஆல்பத்தைக் கேட்டிருப்பீர்கள். மெலட்ரான் கிடையாது. இரண்டு கிட்டார்கள் கடிகாரப் பற்சக்கரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று ஓடும். ‘ரெட்’ கேட்டவர் யார் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தாலும் அது வந்திருக்காது.

‘ரெட்’டில் விருந்தாளியாக சாக்ஸபோன் வாசித்த இயன் மெக்டொனால்ட் குழுவில் மறுபடி சேரப்போகிறார் என்றிருந்த நேரத்தில்தான் எல்லாம் முடிந்தது. உங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை. வெட்டன் 2017-ல் போய்விட்டார், மெக்டொனால்ட் 2022-ல். உங்களுக்கு ஏன் அந்த ஆல்பம் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

சரி, ஆறு பாட்டுகளையும் அடித்துவிடுங்கள். ஏழாவது இருக்கட்டும். அந்த 9.41-ல் யார் முதலில் வாசிக்கத் தொடங்குகிறார், மற்றவர்களில் யாருக்கு அது பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.